காய்ச்சல் இல்லை என்று எழுதிய சீட்டு

ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் அவளுக்குத் தராசக்கா என்று பெயர் விழுந்து பதினோரு வருடமாகிறது. கதவைத் திறந்ததும் இடது கைப்பக்கம் அவளுடைய மேசை. மேசைமேல் குழந்தையைக் கிடத்தி எடை பார்க்கிற தட்டு, காய்ச்சல் பார்க்கிற கருவி மூன்று, ஒரு பஞ்சு டப்பா, சீட்டுக்கட்டு. வருகிற குழந்தையின் சட்டையைக் கழற்றித் தட்டில் கிடத்துவாள். அக்குளில் கருவியைச் செருகிக் கையை அணைத்துப் பிடித்துக்கொள்வாள். எடைக்கு ஒரு வரி, சூட்டுக்கு ஒரு வரி எழுதிச் சீட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு, எந்தப் பெஞ்சு என்று விரலால் காட்டுவாள். அவ்வளவுதான் அவள் வேலை.

விரலால் காட்டுவது திமிர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். திமிரெல்லாம் இல்லை, கூச்சம். நாலு பேர் பார்க்கும்போது வாயைத் திறந்தால் அவளுக்குக் காது மடல் சிவந்துவிடும். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா அக்கா?" என்று ஊசி போடுகிற சிஸ்டர் தினம் ஒரு தடவையாவது கேட்பாள். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த குழந்தையின் பொத்தானைக் கழற்றப் போய்விடுவாள்.

பேசாதவளுக்குக் கண் கூர்மை. அந்தக் கூர்மை வந்த கதை அவளுடைய பன்னிரண்டு வயதில் தொடங்குகிறது. அப்போது அவள் ஏழாம் வகுப்பு. ஒன்றரை வயதுத் தம்பிக்கு ஒருநாள் உடம்பு அனலாகக் கொதித்து, கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து பல்லைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க வாயில் கரண்டியைத் திணித்தாள். வலிப்பு தானாக நின்றது. முன்பல் இரண்டு கரண்டியால் போனது. டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார். மறுபடி வந்தால் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும்.

அம்மா துணிக்கடையில் நின்று விற்கிறவள். அப்பா பஸ் பட்டறையில். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க ஓர் ஆள் வேண்டுமே.

"ஒரு மாசம் லீவு போடு கண்ணு. தம்பிக்குச் சரியானதும் போகலாம்" என்றாள் அம்மா.

அந்த ஒரு மாசம் நாலு வருடம் ஓடியது. காய்ச்சல் வருகிறதா, வருகிறதா என்று தம்பியின் முகத்தையே பார்த்துப் பார்த்து, தொடுவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. காய்ச்சல் ஏறப் போகிற குழந்தைக்கு முதலில் பார்வை கனக்கும். விளையாட்டுச் சாமானைக் கையில் வைத்திருக்கும், ஆனால் விளையாடாது. மூச்சு வயிற்றில் தெரியும். எதையும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்க்கிறதைத் தவிர வேறு வேலை இல்லாததால் பார்த்தாள். ஆறு வயது நெருங்கியதும் தம்பிக்கு வலிப்பு நின்றது. 'இது சின்ன வயசுக் காய்ச்சலோட வர்றது, பெரும்பாலும் வளர்ந்தா போயிடும், ஒண்ணும் ஆகாது' என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தாராம். யார் காதிலும் அது ஏறவில்லை. தம்பி பள்ளிக்கூடம் போனான். அவளுக்குப் பதினாறு வயது. ஏழாம் வகுப்பில் போய் உட்காரச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை, அவளும் கேட்கவில்லை.

இப்போது தம்பி மின்வேலை செய்கிறான். இரண்டு பிள்ளைகள். பிள்ளைக்குச் சளி பிடித்தால்கூட அக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவான். "எங்க டாக்டரக்கா கண்ணாலயே காய்ச்சல் பாப்பா. என்ன, வாயால சொல்ல மாட்டா. நாமதான் அவ மூஞ்சியப் படிச்சு மருந்து வாங்கணும்" என்பான். அவளுக்குப் பிள்ளை இல்லை. கணவர் அச்சகத்தில் தாள் வெட்டுகிறவர், அவரும் வாய் செத்தவர். "மாமாவும் அக்காவும் சண்டை போட்டா பக்கத்து வீட்டுல யாருக்கும் தெரியாது. ஏன், அவங்க ரெண்டு பேருக்கே தெரியாது" என்று தம்பி சொல்ல, கணவர்கூடச் சிரித்துவிடுவார்.

குழந்தைகள் பிரிவில் இரண்டு பெஞ்சு உண்டு. டாக்டரம்மாவின் அறைக் கதவை ஒட்டி முன்பெஞ்சு, ஜன்னலோரம் பின்பெஞ்சு. மூன்று வருடத்துக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து, அந்த அம்மா குழந்தையோடு தரையில் விழுந்துவிட்டாள். அன்றைக்கே டாக்டரம்மா விதி போட்டார். "நூத்தியொண்ணுக்கு மேல இருக்கறவங்க என் கதவுகிட்ட உக்காரணும். மத்தவங்க பின்னால." அளந்து பிரிக்கிற வேலை தராசக்காவுக்கு.

அதோடு அவளாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். தரையில் விழுந்த அந்த அம்மாவின் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. கொதிக்கிற குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வருகிறார்களே, வழியில் இழுத்தால் யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அதனால் சீட்டைக் கொடுக்கும்போது தாழ்ந்த குரலில் ஒரு வாக்கியம் சொல்லத் தொடங்கினாள். "அடுத்த தடவை வரும்போது ஒரு வேளை காய்ச்சல் மருந்து குடுத்துட்டு வாங்க." யாரும் சொல்லச் சொல்லவில்லை. முதல் நாள் அதைச் சொல்லவே அவளுக்கு வியர்த்தது. ஆனால் அம்மாக்கள் கேட்டார்கள். அடுத்த தடவை வரும்போது "நீங்க சொன்னபடியே குடுத்துட்டு வந்தேன் அக்கா" என்றார்கள். தன் பேச்சை நாலு பேர் கேட்டு நடக்கிறார்கள் என்பது அவளுக்குப் புது ருசி. அதை அவள் வீட்டில்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஒட்டுகிற வேலை செய்கிற ஒரு பெண்ணிடமும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தாள். ஒன்பது மாதப் பையன் அவளுக்கு. தொடையில் மூன்று மடிப்பு. 'குண்டு' என்று கூப்பிட்டால் நாலு பக்கமும் தலையைத் திருப்பித் தேடுவான். கூப்பிட்ட ஆளைக் கண்டுபிடித்ததும் ஈறு தெரியச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே சிஸ்டர் தூரத்தில் நின்று "டேய் குண்டு" என்று கூப்பிட்டு விளையாடுவாள்.

மறுமாதம் ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண் மறுபடி வந்தாள். மழைக்காலம். அறை முழுக்க இருமலும் மூக்கொழுகலும். வரிசை வாசல்படி தாண்டி நின்றது.

"அக்கா, நீங்க சொன்னத மறக்கல பாத்தீங்களா? கிளம்பறப்பவே மருந்த ஊத்திட்டேன்" என்றாள். கையிலெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. "காலைலேர்ந்து ரெண்டு தடவை வாந்தி. பால் வேணாங்கறான்."

தராசக்கா சட்டையைக் கழற்றித் தட்டில் கிடத்தினாள். அந்தத் தட்டின் ஜில்லிப்புக்கு அழாத குழந்தை கிடையாது. குண்டு அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். எடையைக் குறித்துவிட்டுத் தூக்கினாள். சட்டென்று அழுதான், பூனைக்குட்டி கத்துவதுபோல் மெல்லிசாக, கூர்மையாக. அம்மா வாங்கித் தோளில் போட்டாள். அழுகை கூடியது. அக்குளில் கருவி வைக்க மேசையில் படுக்க வைத்தார்கள். அழுகை நின்றது.

அம்மா தூக்கினால் அடங்குகிறதுதான் குழந்தை. இது தூக்கினால் அழுகிறது, போட்டால் அடங்குகிறது. தலைகீழாக இருக்கிறதே என்று நினைத்தாள். கருவி கூவியது. எடுத்துப் பார்த்தாள். தொண்ணூற்றொன்பது.

சீட்டில் எழுதினாள். எழுதிய சீட்டை அம்மா கையில் கொடுக்காமல் எழுந்து சிஸ்டரிடம் போனாள். அவள் இடத்தை விட்டு எழுவதே அபூர்வம்.

"என்னக்கா?" சிஸ்டர் ஒரு குழந்தையின் தொடையை அமுக்கிப் பிடித்திருந்தாள்.

"இந்தக் குழந்தை..."

"காய்ச்சல் எவ்வளவு?"

"தொண்ணூத்தொம்பது."

"அட, அதுக்கா எந்திரிச்சு வந்தீங்க? பின்னால உக்காரச் சொல்லுங்க. இங்க நூத்திமூணுல ரெண்டு பேரு கத்திக் கூரையப் பிய்க்கறாங்க. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

பக்கத்தில் நின்ற அம்மாக்கள் சிரித்தார்கள். தராசக்காவின் காது மடல் சிவந்தது. 'தூக்கினா அழுவுது, போட்டா அடங்குது.' நாலு சொல்தான். தொண்டைவரை வந்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு இடத்துக்குத் திரும்பினாள். சீட்டைக் கொடுத்து, விரலால் பின்பெஞ்சைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு முப்பது குழந்தைகள். ஒவ்வொரு குழந்தைக்கு நடுவிலும் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். குண்டு அம்மா மடியில் மல்லாந்து கிடந்தான். 'தூங்குகிறான்' என்று நினைத்தாள். கண் திறந்திருந்ததும் அவளுக்குத் தெரியும்.

பதினொன்று பத்துக்கு அவன் இடது கை துடிக்க ஆரம்பித்தது. அம்மா குளிர் என்று நினைத்துத் துண்டால் போர்த்தினாள். தராசக்கா மேசையைத் தள்ளிவிட்டு ஓடினாள். தட்டு கீழே விழுந்து உருண்டது. குழந்தையை வாங்கிப் பக்கவாட்டில் சாய்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். யாரோ ஒருத்தி "வாயில எதாவது வையுங்க" என்று கத்த, "வேணாம்!" என்றாள். ஒரு நிமிடம். இரண்டு. துடிப்பு இடது பக்கம் மட்டும் இருந்தது. தம்பிக்கு இப்படி வந்ததே இல்லை. டாக்டரம்மா வந்து மருந்து ஏற்றி, பதினான்காவது நிமிடத்தில்தான் நின்றது.

டாக்டரம்மா குழந்தையின் உச்சந்தலையை விரலால் தடவினார். அங்கே பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மேடாகத் தெறித்து நின்றது.

"காய்ச்சல் எத்தனை நாளா?"

"மூணு நாளா இருக்கு டாக்டர்."

"சீட்டுல காய்ச்சல் இல்லன்னு இருக்கே?"

"மருந்து குடுத்துட்டு வந்தேன் டாக்டர். அக்காதான் குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

அந்தப் பெண் குறையாகச் சொல்லவில்லை. சொன்ன பேச்சைக் கேட்ட பெருமையோடுதான் சொன்னாள். டாக்டரம்மா நிமிர்ந்து தராசக்காவைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு குழந்தையின் பக்கம் திரும்பி முதல் ஊசியை அங்கேயே போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொன்னார். மூளையைச் சுற்றியிருக்கிற உறையில் கிருமி. முதுகில் ஊசி வைத்து நீரெடுத்துப் பார்க்க வேண்டும், அதெல்லாம் அங்கேதான்.

கூட்டம் கலைந்த பிறகு டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டார்.

"எத்தனை நாளா இப்படிச் சொல்லிக்கிட்டிருக்கீங்க?"

"மூணு வருஷமா."

"எதுக்குன்னு கேக்கலாமா?"

"வழியில வலிப்பு வந்துடக் கூடாதுன்னு..."

"மருந்து குடுத்தா குழந்தைக்கு உடம்பு நோவு குறையும், அவ்வளவுதான் அக்கா. வலிப்பு வர்றதா இருந்தா வரும்." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மருந்து குடுத்தது தப்பில்ல. எப்ப குடுத்தாங்கன்னு நாம கேக்காததுதான் தப்பு. நம்பர மட்டும் பாத்துப் பெஞ்சு பிரிக்கச் சொன்னவ நான். அதையும் சேத்துக்குங்க."

"அழல டாக்டர்" என்றாள் அவள். "தட்டுல போட்டப்ப அழல. தூக்கினா அழுதான். நான் பாத்தேன்."

டாக்டரம்மா கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "பாத்தீங்களா" என்றார். அது கேள்வியாகவும் இல்லை.

"ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சுட்டேன். சீக்கிரம் பாத்திருந்தா..."

"அந்த ரெண்டு மணி நேரமா, அதுக்கு முன்னால போன மூணு நாளா, எதால என்ன ஆச்சுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. என்னாலயும் முடியாது."

ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு ஆறவில்லை.

மறுநாளிலிருந்து சீட்டில் மூன்றாவதாக ஒரு வரி வந்தது: கடைசியாக மருந்து கொடுத்த நேரம். நாலாவதாக ஒன்று: பால் குடிக்கிறதா, முகம் பார்க்கிறதா. சிஸ்டர் இப்போதெல்லாம் முத்து உதிருமா என்று கேட்பதில்லை. "சந்தேகமா இருந்தா சொல்லுங்க அக்கா, நான் என்ன பேசினாலும் சொல்லுங்க" என்று ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டாள். தராசக்கா தலையை ஆட்டினாள்.

வீட்டில் கணவர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "என்ன?" என்றார். அவர் அகராதியில் அது நீளமான கேள்வி. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு, "அந்தக் குழந்தை இருக்குதா?" என்றார். "இருக்காம். டாக்டரம்மா போன் போட்டுக் கேட்டாங்க." அவர் தண்ணீர் மொண்டு வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஏழு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, அந்தப் பெண் குண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தொடை மடிப்பு மூன்றும் காணாமல் போயிருந்தது. ஊசி ஏற்ற ஒரு பக்கம் மழித்திருந்த முடி முளைத்துக்கொண்டிருந்தது. ஆனால் உட்கார்ந்தான், எட்டிப் பிடித்தான், தராசக்காவின் முகத்தைப் பார்த்து ஈறு தெரியச் சிரித்தான். அவளுக்குக் கண் நிறைந்து எதிரே சீட்டில் எழுதியிருந்த எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"நீங்க மட்டும் அன்னைக்கு ஓடி வரலன்னா என் பிள்ளை இல்லக்கா" என்றாள் அந்தப் பெண். "அங்க எல்லார்கிட்டயும் உங்களத்தான் சொன்னேன்."

"அப்படிச் சொல்லாதம்மா. பின்னால உக்கார வெச்சதே நான்தான்."

"கூட்டத்துல நீங்க என்ன பண்ணுவீங்க? விடுங்க." அவள் பையனின் கன்னத்தைக் கிள்ளினாள். "இப்ப அவ்ளோ சமத்து. முன்னல்லாம் ஒரு டம்ளர் விழுந்தா எந்திரிச்சுக் கத்துவான். இப்ப பக்கத்துல வீடு இடிக்கிறாங்க, அசையவே மாட்டேங்கறான். அப்படித் தூங்கறான்."

தராசக்காவின் கை பொத்தானில் நின்றது.

சிஸ்டர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பழைய பழக்கத்தில், "டேய் குண்டு!" என்று கூப்பிட்டாள். குண்டு தராசக்காவின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்குவதிலேயே மும்முரமாக இருந்தான். "பாரேன், பெரிய மனுஷனாயிட்டான், திரும்ப மாட்டேங்கறான்" என்று சிரித்துவிட்டு சிஸ்டர் வேலையைப் பார்க்கப் போனாள்.

தராசக்கா பேனாவை அவனிடமே விட்டுவிட்டு, கையை அவன் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பஞ்சு டப்பாவின் மூடியால் மேசையில் தட்டினாள். இன்னொரு தடவை, பலமாக. அடுத்திருந்த குழந்தை திடுக்கிட்டு அழுதது. குண்டு பேனாவைக் கடித்தான்.

"காதுக்கு எதாவது பாக்கணும்னு அங்க சொன்னாங்களாம்மா?"

"சொன்னாங்க. போன வாரம் ஒரு தேதி குடுத்திருந்தாங்க, போகல. ஏற்கனவே லீவு போட்டுப் போட்டு, இனிமே வந்தா வா, வராட்டி நின்னுக்கோன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. காதுல சீழ்கீழ் ஒண்ணும் இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு."

வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

"இவனுக்குக் காது கேக்கலம்மா" என்றாள்.

"என்னக்கா சொல்றீங்க?"

"நான் ரெண்டு தடவை தட்டினேன். திரும்பல. சிஸ்டர் கூப்பிட்டாங்க, திரும்பல. இந்த நோய் வந்தா அப்படி ஆகறதுண்டுன்னு டாக்டரம்மா சொல்லிக் கேட்டிருக்கேன். நாள் ஆக ஆகச் செய்யறதுக்கு வழி குறைஞ்சுக்கிட்டே போகும். இன்னைக்கே டாக்டரம்மாவப் பாக்கணும். முதல்ல."

அந்தப் பெண் சிரித்தாள். நம்பாத சிரிப்பு. "பேனா கெடைச்ச குஷியில இருக்கான் அக்கா. நான் கூப்பிட்டா திரும்புவான் பாருங்க." பையனை மேசையிலேயே தராசக்கா பிடியில் விட்டுவிட்டு, பத்தடி பின்னால் போய் நின்றாள்.

"குண்டு!"

அவன் திரும்பவில்லை.

"குண்டூ! டேய் தங்கம்! அம்மா பாரு! குண்டூ!"

முன்பெஞ்சிலும் பின்பெஞ்சிலும் இருந்த குழந்தைகள் அத்தனையும் திரும்பிப் பார்த்தன. தோளில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்று விழித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கியது. குண்டு மட்டும் தராசக்காவின் முகத்தைப் பார்த்து, அந்த முகத்தில் என்ன கண்டானோ, சிரிப்பதை நிறுத்தினான்.

அந்தப் பெண் மெதுவாக நடந்து வந்தாள். பையனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க கூப்பிட்டுப் பாருங்க. நீங்க ஒரு தடவை கூப்பிடுங்க. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு, அதான் அவனுக்கு விளங்கல."

தராசக்கா எழுந்து அவன் முதுகுப்பக்கம் போய் நின்றாள். கூப்பிட்டாள். பதினோரு வருடத்தில் அந்த அறையில் யாரும் கேட்டிராத குரலாக அது இருந்தது. சிஸ்டரின் கை நின்றது. வரிசை அடங்கியது. டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, யார் கத்துகிறார்கள் என்று பார்த்தார்.

குண்டு அம்மாவின் சட்டைப் பொத்தானை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தான்.

"இன்னும் சத்தமாக்கா" என்றாள் அந்தப் பெண்.

அவள் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.